எழுத்துக்கு முன் ஒலி: மழலையர் வகுப்பில் ஒலியன் உணர்வைக் கற்பிக்கும் முறை

நம் அங்கன்வாடிகளிலும் எல்.கே.ஜி. வகுப்புகளிலும் தமிழ்ப் பாடம் பெரும்பாலும் சுவரில் தொங்கும் அட்டையிலிருந்தே தொடங்குகிறது. ‘அ – அணில், ஆ – ஆடு’ என்று நான்கு வயதுக் குழந்தை தடையின்றி ஒப்பிக்கும். அதே குழந்தையிடம் ‘மீன் என்று சொல்லும்போது முதலில் என்ன சத்தம் கேட்கிறது?’ என்று வினவினால், ‘தண்ணீரில் நீந்தும்’ என்ற பதில் வருவதுண்டு. அதில் குழந்தையின் குறை ஒன்றுமில்லை. சொல்லின் பொருளை மட்டுமே கேட்டுப் பழகிய காதுக்கு, அச்சொல் எந்தெந்த ஒலிகளால் ஆனது என்று கவனிப்பது முற்றிலும் புதிய வேலை. அந்த வேலையைச் செய்யும் திறனையே ஒலியன் உணர்வு என்கிறோம்.

ஒலியன் என்பது ஒரு சொல்லை வேறொரு சொல்லாக மாற்றிவிடக்கூடிய மிகச் சிறிய ஒலி. ‘வால்’ என்பதில் வ், ஆ, ல் என மூன்று ஒலியன்கள் உள்ளன. முதல் ஒலியை மாற்றினால் ‘பால்’, கடைசி ஒலியை மாற்றினால் ‘வாய்’. கண்ணை மூடிக்கொண்டும் செய்யக்கூடிய பயிற்சியே ஒலியன் உணர்வுப் பயிற்சி. எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்வது அதற்கு அடுத்து வரும் பாடம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே பல வகுப்பறைகளில் எழுத்து அறிமுகம் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது, காதுக்கான பயிற்சி நடப்பதே இல்லை.

இத்திறன் வயது ஏறஏறத் தானாக வந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. 1979இல் மொராயிஸும் அவருடைய உடனாய்வாளர்களும் போர்ச்சுகலில் எழுதப் படிக்கக் கல்லாத பெரியவர்களை ஆராய்ந்தபோது, ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்வதுகூட அவர்களில் பெரும்பாலோருக்கு இயலவில்லை. அமெரிக்காவில் இசபெல் லிபர்மன் குழுவினர் 1974இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் சொல்லை அசைகளாக (அம்-மா என்பதுபோல் ஒலித் துண்டுகளாக) தட்டிக் காட்டினர்; ஒலியன்களாகத் தட்டிக் காட்ட ஒரு குழந்தையாலும் முடியவில்லை. முதல் வகுப்பின் முடிவில் 70 விழுக்காட்டினர் அதைச் செய்தனர். எனவே பயிற்சி பெரிய துண்டிலிருந்து சிறிய துண்டுக்குப் போக வேண்டும், சிறிய துண்டை எட்டுவதற்கு அவசரம் கூடாது.

தமிழ்க் குழந்தைக்கு இன்னொரு தடையும் உண்டு. நம் எழுத்துமுறையில் ‘மா’ என்பது ஓர் எழுத்து. காதுக்கோ அது ம், ஆ என்ற இரண்டு ஒலிகள். உயிர்மெய்யை முழுதாகவே பார்த்துப் பழகும் குழந்தைக்கு அதனுள் இருக்கும் மெய் தனியாகக் கேட்பது எளிதன்று. நம்மைப் போன்ற எழுத்துமுறை கொண்ட கன்னடத்தில் சோனாலி நாக் செய்து 2007இல் வெளியான ஆய்வும், அசை உணர்வு முன்னதாகவும் ஒலியன் உணர்வு மிக மெதுவாகவும் வளர்வதைக் காட்டியது. ஆங்கிலக் குழந்தைகளுக்காக எழுதப்பட்ட பயிற்சி நூல்களின் வரிசையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவது ஏன் பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

தொடங்குவதற்கு முன்

நாளுக்குப் பத்து நிமிடம் போதும். நான்கைந்து குழந்தைகள் வட்டமாக அமர்ந்திருப்பது நல்லது, ஏனெனில் முழு வகுப்பும் சேர்ந்து உரக்கச் சொல்லும்போது யாருக்குக் கேட்கிறது, யார் பக்கத்துக் குழந்தையைப் பின்பற்றுகிறார் என்பது ஆசிரியருக்குத் தெரியாது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில் தொகுத்துக் கூறியவற்றுள் மூன்று நமக்கு உடனே பயன்படும்: சிறு குழுவில் கற்பிப்பது, பல திறன்களை ஒரேயடியாகத் திணிக்காமல் ஓரிரண்டை மட்டும் எடுத்துக்கொள்வது, மொத்தப் பயிற்சி நேரத்தை இருபது மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்வது. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் இருபது வாரத்தில் ஏறத்தாழ பதினேழு மணி நேரம் ஆகும்.

காதில் சீழ் வடியும் குழந்தை, அடிக்கடி சளி பிடித்து அழைத்தாலும் திரும்பாத குழந்தை, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டச் சொல்லும் குழந்தை ஆகியோரை முதலில் காது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஒலியே தெளிவாகக் கேட்காத குழந்தைக்கு இப்பயிற்சி தண்டனையாகிவிடும்.

முதல் படி: எதுகையைக் கேட்டல்

‘ஆடு, மாடு, காடு’ என்று சொல்லி, ஒத்து ஒலிப்பதைக் குழந்தை உணரச் செய்வது தொடக்கம். தமிழ்ச் செய்யுளுக்கு எதுகையும் மோனையும் இயல்பானவை என்பதால், தாலாட்டிலும் கைவீசும் பாட்டிலும் குழந்தை இவற்றை ஏற்கெனவே கேட்டிருக்கும். ‘பட்டம், வட்டம், நாற்காலி, கட்டம்: இவற்றில் சேராதது எது?’ என்பது போன்ற கேள்விகளை ஒரு வாரம் கேட்டால் போதும். ‘தட்டு’ என்பதற்கு எதுகையாகக் குழந்தை ‘ஙட்டு’ என்று பொருளில்லாத சொல்லைச் சொன்னால் அதையும் பாராட்ட வேண்டும். பொருளை விட்டு ஒலியைப் பிடித்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

இரண்டாம் படி: சொல்லைத் துண்டாக்குதல்

இங்கே காய்கறிகள் பெரிதும் கைகொடுக்கும். தக்-கா-ளி, வெங்-கா-யம், கத்-த-ரிக்-காய், மு-ருங்-கைக்-காய் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைத்தட்டு. குழந்தைகளின் பெயர்களையும் இப்படித் தட்டலாம். தன் பெயருக்கு எத்தனை தட்டு என்று அறிய விரும்பாத குழந்தை இல்லை. முகவாய்க்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னால், தாடை இறங்கும் எண்ணிக்கையும் தட்டுகளின் எண்ணிக்கையும் பொருந்துவதைக் குழந்தையே கண்டுகொள்ளும்.

இந்தப் படியில் பிழை செய்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே. எழுத்துத் தெரிந்தவர் என்பதால் ‘அம்மா’ என்பதற்கு அ, ம், மா என மூன்று முறை தட்டிவிடுவார்கள். காதுக்கு அது அம்-மா, இரண்டே தட்டு. யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசைக் கணக்கையும் இங்கே கொண்டுவர வேண்டாம். அக்கணக்கில் ‘மரம்’ ஓரசை, கைத்தட்டில் ம-ரம் என இரண்டு. குழந்தைகளிடம் ‘அசை’ என்ற சொல்லையே தவிர்த்து ‘துண்டு’ என்று சொல்வது தெளிவாக இருக்கும்.

துண்டாக்கத் தெரிந்தபின் நீக்கலாம். ‘முருங்கைக்காயில் காயை எடுத்துவிட்டால்?’ என்பது எளிது. ‘தக்காளியில் தக் போய்விட்டால்?’ என்று கேட்டு, ‘காளி!’ என்று விடை வரும்போது வகுப்பே சிரிக்கும். இந்தப் படிக்கு நான்கு வாரம் வரை தரலாம்.

மூன்றாம் படி: உயிரில் தொடங்கும் சொற்கள்

சொல்லின் முதலில் உயிர் வரும்போது அந்த உயிர் பல இடங்களில் தனித் துண்டாகவே நிற்கிறது: ஆ-டு, ஏ-ணி, ஓ-ணான், ஊ-தல். துண்டும் ஒலியனும் ஒன்றாகிவிடும் இத்தகைய சொற்களில்தான் குழந்தை முதன்முதலாக ஓர் ஒலியனைத் தனியாகக் கேட்கிறது. நெடிலில் தொடங்குவது நல்லது, ஏனெனில் வேண்டிய மட்டும் நீட்டலாம்: ‘ஆஆஆடு’.

குறிலுக்கு வரும்போது சொல்லைத் தேர்வதில் கவனம் வேண்டும். அட்டைகளில் இ-க்கு ‘இலை’யும் உ-க்கு ‘உரல்’உம் வழக்கமாக இருக்கின்றன. ஆனால் வீட்டில் குழந்தை கேட்பது ‘எலை’, ‘ஒரல்’. தமிழ்ப் பேச்சில் சொல்முதல் இகரமும் உகரமும், அடுத்து ஒற்றை மெய்யோடு அகரமோ ஐகாரமோ வந்தால், எகர ஒகரமாக மாறிவிடுகின்றன; இடம் ‘எடம்’ ஆவதும் உடம்பு ‘ஒடம்பு’ ஆவதும் இதனாலேயே. ‘இலையின் முதல் ஒலி எ’ என்று சொல்லும் குழந்தை சரியாகவே கேட்டிருக்கிறது. அதைத் திருத்துவது, உன் காதை நம்பாதே என்று கற்பிப்பதாகும். ஆகவே இட்லி, இஞ்சி, இடியாப்பம், உப்பு, உண்டியல், உருண்டை போன்று பேச்சிலும் எழுத்திலும் ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களையே இந்த வயதில் பயன்படுத்த வேண்டும். இலையும் உரலும் படிக்கக் கற்ற பிறகு வரட்டும்.

இதே இடத்தில் குறில் நெடில் வேறுபாட்டையும் காதுக்குக் காட்டிவிடலாம். முட்டை–மூட்டை, பட்டு–பாட்டு, படம்–பாடம், கல்–கால் ஆகிய இணைகளுக்குப் படம் வரைந்து வைத்து, ஆசிரியர் ஒன்றைச் சொல்ல, குழந்தை உரிய படத்தைத் தொட வேண்டும். கண்ணிமைக்கும் அல்லது கைந்நொடிக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று வகுத்தது தொல்காப்பியம். குறிலுக்கு ஒரு நொடிப்பு, நெடிலுக்கு இரண்டு நொடிப்பு என்று விரலால் காட்டினால் நான்கு வயதுக் குழந்தையும் அதைப் பற்றிக்கொள்கிறது. பாடு–பாட்டு, இலை–இல்லை போன்ற ஒற்று மிகும் இணைகளும் தமிழ் எழுத்துக்கூட்டலுக்கு இன்றியமையாதவை. ஆனால் அவற்றை யு.கே.ஜி. வரை ஒத்திவைப்பதே என் பரிந்துரை.

நான்காம் படி: சொல்லின் கடைசி ஒலி

ஆங்கிலப் பயிற்சி நூல்கள் சொல்லின் முதல் மெய்யிலிருந்து தொடங்கச் சொல்லும். தமிழுக்கு இறுதி மெய்யிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. தமிழ்ச் சொல்லின் இறுதியில் வல்லின மெய் வருவதில்லை. இன்றைய வழக்கில் சொல்லை முடிக்கும் மெய்கள் ண், ம், ன், ய், ர், ல், ழ், ள் ஆகிய எட்டே. இவை மெல்லினமும் இடையினமும் ஆதலால் உயிர் ஒட்டாமல் தனியே ஒலிக்கத்தக்கவை, பெரும்பாலும் நீட்டி ஒலிக்கவும் தக்கவை. சொல்லின் முதலிலோ மெய் எப்போதும் உயிரோடு ஒட்டியே வரும். ‘பால்ல்ல்’ என்று நீட்டினால் ல் தானாகப் பிரிந்து கேட்கும். ‘பா’வுக்குள் இருக்கும் ப் அப்படிப் பிரியாது.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. பேச்சில் பால் ‘பாலு’ ஆகிறது, கண் ‘கண்ணு’, நாய் ‘நாயி’. ‘பாலின் கடைசி ஒலி என்ன?’ என்று கேட்டால் ‘லு’ என்று குழந்தை சொல்வது இயல்பு. இதற்கு நல்ல தீர்வு தொகைச்சொற்கள்: பால்கோவா, பல்பொடி, கண்மை, நாய்க்குட்டி, மீன்குழம்பு. பேச்சிலும் இவற்றில் மெய் மெய்யாகவே நிற்கிறது. ‘பால்கோவாவில் கோவாவை எடுத்துவிட்டால்?’ என்று கேட்டு ‘பால்’ என்பதை வரவழைத்து, பிறகு அதன் இறுதியை நீட்டலாம். மரம், படம் போன்ற மகர ஈற்றுச் சொற்களை இங்கே தவிர்க்க வேண்டும், ஏனெனில் பேச்சில் அந்த மகரம் கரைந்து மூக்கொலியாக மட்டுமே எஞ்சுகிறது.

‘கால், வேல், நாய், நூல்: சேராதது எது?’ என்ற விளையாட்டும், நீட்டிய ஒலியைக் கேட்டுப் படத்தை எடுக்கும் விளையாட்டும் இந்தப் படிக்குப் போதுமானவை. ன் ஒலியை நீட்டும்போது மூக்கைப் பிடித்தால் ஒலி நின்றுவிடும், ல் ஒலி நிற்காது. குழந்தைகள் இதைத் தாமே சலிக்காமல் சோதித்துப் பார்ப்பார்கள், அந்தச் சோதனையிலேயே இரண்டு ஒலிகளும் வேறு வேறு என்பது உறுதிப்படும். ழகரம் வீட்டுப் பேச்சில் இல்லாத குழந்தையை இந்தப் பத்து நிமிடத்தில் திருத்த வேண்டாம். அது உச்சரிப்புப் பயிற்சிக்கு உரியது.

ஐந்தாம் படி: உயிர்மெய்யைப் பிரித்தல், சேர்த்தல்

வழியில் செங்குத்தான ஏற்றம் இதுதான். ம், வ், ந் ஆகிய நீட்டத்தக்க ஒலிகளில் தொடங்கும் இரண்டு ஒலிச் சொற்களை எடுத்துக்கொள்ள வேண்டும்: மா, வா, நீ, மை. முதலில் சேர்த்தல், பிறகே பிரித்தல். ஆசிரியர் ‘ம்ம்ம்… ஆ’ என்று இடைவெளி விட்டுச் சொல்லி, ‘சேர்த்துச் சொல்லு பார்க்கலாம், என்ன வருகிறது?’ என்று கேட்கிறார். இடைவெளியை நாளுக்கு நாள் கூட்டலாம்.

நம் பள்ளிகளில் மெய்யெழுத்துகளை ‘இக், இங், இச்’ என்று ஒப்பிக்கும் பழக்கம் உண்டு. எழுத்தின் பெயராக அது இருக்கட்டும். சேர்த்தல் பயிற்சியில் கண்டிப்பாகக் கூடாது. ‘இம்’, ‘ஆ’ என்று கேட்கும் குழந்தையால் ‘இம்மா’ என்றுதான் சேர்க்க முடியும். ‘ம’, ‘ஆ’ என்று அகரம் சேர்த்துச் சொன்னாலும் இதே இடர்ப்பாடு. இதழ்களை மூடி ‘ம்ம்ம்’ என்று மட்டும் ஒலிக்க வேண்டும். ஆசிரியர் முதலில் தனியே பழகிக்கொள்ளத் தகுந்தது இது.

இரண்டொலிச் சொற்கள் வந்தபின் மூன்றொலிச் சொற்கள்: மீன், வால், நாய், மோர், நூல், வேர். இங்கே சோவியத் உளவியலாளர் டேனில் எல்கோனின் வகுத்த கட்டங்கள் உதவும். சிலேட்டில் மூன்று கட்டம் வரைந்து, மூன்று பாட்டில் மூடிகளைக் கீழே வைத்து, ‘வ்… ஆ… ல்’ என்று சொல்லிக்கொண்டே ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு மூடியைக் கட்டத்துக்குள் தள்ளச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒலிக்குக் கையில் ஒரு பொருள் கிடைப்பதே இதன் பயன். புளியங்கொட்டையும் சோழியும் வாயில் போய்விடும் என்பதால் பெரிய மூடிகளே பாதுகாப்பானவை.

க், ட், த், ப் ஆகிய வல்லினங்களை நீட்ட முடியாது. ‘கால்’ போன்ற சொற்களை இறுதியாக வைத்துக்கொண்டு, தொடக்க ஒலியை ‘க்-க்-க்-கால்’ என்று துள்ளவிட்டுக் காட்டலாம். வல்லின எழுத்து ஒவ்வொன்றும் இடத்துக்கேற்ப வேறுபட்டு ஒலிப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ‘கல்’லிலும் ‘தங்க’த்திலும் இருப்பது ஒரே ககரம் என்பது எழுத்தின் கணக்கு, காதின் கணக்கன்று. பந்து, பஸ் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க மறுக்கும் குழந்தை கூர்ந்து கேட்கும் குழந்தை. வல்லினத்துக்குச் சொல்முதலில் வரும் தமிழ்ச் சொற்களை மட்டுமே பயன்படுத்தினால் இக்குழப்பம் எழாது.

ஆறாம் படி: ஒலியை மாற்றுதல்

எல்லாக் குழந்தைகளும் இதை எட்ட வேண்டும் என்பதில்லை. எட்டியவர்களுக்கு இது பெருவிருப்பமான விளையாட்டு. மா, மீ, மூ, மே, மோ என்று மெய்யை நிறுத்தி உயிரை மாற்றுவது முதல் வகை. உயிர்மெய் வரிசையைக் காதால் கற்பது இதுவே. கால், பால், வால், வாய், நாய், நார் என்று ஒவ்வொரு முறையும் ஓர் ஒலியை மட்டும் மாற்றிச் சங்கிலியாகக் கொண்டுபோவது இரண்டாம் வகை. ‘வால் என்பதில் ல் போய் ய் வந்தால்?’ என்று கேட்கும்போது மூடிகளில் ஒன்றை எடுத்துவிட்டு வேறு நிற மூடியை வைத்துக் காட்டினால் விடை விரைவாக வரும்.

எழுத்தை எப்போது காட்டுவது?

ஆறு படிகளும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் பிராட்லியும் பிரயன்ட்டும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், 65 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து இரண்டு ஆண்டுகள் கவனித்தனர். ஒலிப்பயிற்சியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் பெற்ற குழுவே வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் மற்றெல்லாக் குழுக்களையும் விஞ்சியது. ஆதலால் நான்காம் படியில் ல் ஒலி காதுக்குப் பிடிபட்ட மறுநாளே ‘ல்’ என்ற எழுத்தைக் காட்டலாம். இங்கே தமிழுக்கு ஒரு பெரும் வசதி உண்டு: உயிரில்லாத தனி மெய்யைப் புள்ளி வைத்துக் காட்டும் எழுத்துமுறை நம்முடையது. ‘இந்தப் புள்ளி இருந்தால் ல்ல்ல் என்று மட்டும் சொல்ல வேண்டும்’ என்ற ஒரே விதியைக் குழந்தை எளிதில் ஏற்கும்.

கொம்பும் இணைக்கொம்பும் மட்டும் பிறகு வர வேண்டும். ‘மே’ என்று கேட்கும்போது ம் முன்னால், ஏ பின்னால். எழுதும்போதோ ஏகாரக் குறி மகரத்துக்கு முன்னால் நிற்கிறது. ‘மோ’வில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. காதின் வரிசையும் கண்ணின் வரிசையும் மாறும் இந்த எழுத்துகளில் பல குழந்தைகள் தடுமாறுவார்கள். மா, மீ போன்று வலப்பக்கமோ மேலேயோ குறி பெறும் எழுத்துகள் நன்கு பதிந்த பின்னர் இவற்றைத் தொடலாம்.

முன்னேற்றத்தை அறிதல்

மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் தனியே அமர்த்தி, பயிற்சியில் வராத ஐந்து சொற்களைக் கொடுத்துப் பார்த்தால் போதும். மதிப்பெண் வேண்டாம், பெற்றோருக்கு அறிக்கையும் வேண்டாம். எல்.கே.ஜி. முடிவில் துண்டுகளைத் தட்டவும், உயிரில் தொடங்கும் சொல்லின் முதல் ஒலியைச் சொல்லவும் முடிந்தால் நிறைவு. யு.கே.ஜி. முடிவில் மூன்றொலிச் சொல்லைச் சேர்த்துச் சொல்வதும், உதவியுடன் பிரிப்பதும் நல்ல நிலை. ஐந்து வயதுக்குப் பிறகும் மாதக்கணக்கில் பயிற்சி தந்தும் சொல்லைத் துண்டாக்கவே இயலாத குழந்தைக்கும், பேச்சு பிறருக்குப் புரியாத குழந்தைக்கும் பேச்சுப் பயிற்சியாளரின் உதவியை நாட வேண்டும். சோம்பேறி என்ற பட்டம் எக்காலத்திலும் கூடாது.

ஆங்கில எழுத்துகளின் ஒலிகளைக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் வகுப்பும் கூடவே நடக்கும் பள்ளிகளில் இரண்டில் எது முதலில் என்ற கேள்வி எழும். ஒரு மொழியில் ஒலியைப் பிரிக்கக் கற்ற காது அத்திறனை மற்றொரு மொழிக்கும் எடுத்துச்செல்லும். எனவே குழந்தை நன்கறிந்த வீட்டுமொழியில் தொடங்குவதே முறை. ஆங்கிலச் சொற்கள் பல வல்லின ஒலியில் முடிவதாலும், நாம் ‘பஸ்ஸு’, ‘கப்பு’ என்று உகரம் சேர்த்துச் சொல்லிப் பழகியிருப்பதாலும், அங்கே இறுதி ஒலியைக் கேட்பது கடினம். பால், வால், மீன் ஆகியவற்றில் இறுதி மெய்யைத் தெளிவாகப் பிரிக்கும் குழந்தைக்கு முதலில் பால் (ball), பென் (pen), சன் (sun) போன்று ல், ன் ஒலிகளில் முடியும் ஆங்கிலச் சொற்களையும், அடுத்துப் பஸ், அதன்பின் கப், கேட் ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும்.